ஏழையர் இல்லத்தில் எசமானர் யார்?

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் நோயுற்ற ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை அமைத்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலுக்காக அவரைத் தமிழ் அச்சின் தந்தை என்று போற்றுகிறோம். மருத்துவமனைக்காக அவரை நினைவுகூர்வோர் குறைவு. அக்கால மருத்துவமனை இன்று நாம் அச்சொல்லால் குறிப்பிடுவதைப் போன்றதன்று. மருந்து குறைவு, ஒரு கூரை, ஒரு பாய், வேளைக்குக் கஞ்சி, அருகில் அமர ஒரு மனிதர், இறக்கும் வேளையில் ஒரு செபம் ஆகியவையே அதன் சிகிச்சை. ஐரோப்பிய மொழிகளில் மருத்துவமனைக்கும் விருந்தோம்பலுக்கும் சொல்வேர் ஒன்றாக இருப்பதன் காரணம் அதுவே. அந்த இல்லத்தின் செலவைக் கடற்கரை மக்களின் காணிக்கை தாங்கியது.

அடிகளார் 1600-இல் இறந்தார். நமது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. நிறுவியவர் உயிரோடு இருக்கும்வரை ஓர் அறச்செயலுக்கு ஆட்சிமுறை என்று ஒன்று பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அவரது மனமே விதிமுறை. அவரது கண்ணே தணிக்கை. அவர் மறைந்த மறுநாள், சாவிக்கொத்து யார் கைக்குப் போகிறது? அடுத்த நோயாளியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை யார் சொல்வது? அப்போதுதான் குழு பிறக்கிறது. அறநிலையங்களின் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் நிறுவியவரின் வரலாறு. அதன்பின் வந்த இருநூறு முந்நூறு ஆண்டுகள் குழுக்களின் வரலாறு. அதை எழுதுவார் இல்லை.

ஆதரவற்ற முதியோர் இல்லம் ஒன்றின் ஆட்சிக்குழு கூடும் மேசையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். தலைவர் இருக்கையில் ஓர் அருள்பணியாளர். செயலர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொருளர் வங்கிப் பணியில் பழகியவர். ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், இல்லத்தில் பணிபுரியும் அருள்சகோதரியரின் தலைவி, ஊர்ப் பெரியவர் இருவர். எல்லாரும் நல்லவர்கள், பயணப்படியும் வாங்காமல் வந்தவர்கள். ஆயினும் அம்மேசையில் இருவர் இல்லை. பணத்தைக் கொடுத்தவர் கல்லறையில் உறங்குகிறார். அப்பணத்தால் உண்பவர் தாழ்வாரத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். ஒருவரால் பேச முடியாது, மற்றவரிடம் எவரும் கேட்பதில்லை. இவ்விருவருக்கும் உரிய ஒன்றைப் பற்றி, இவ்விருவரும் இல்லாத இடத்தில், மூன்றாமவர் முடிவு செய்கிறார்கள். இது எந்த அளவுக்கு நீதியாகும்?

திருச்சபையின் முதல் குழுவை நினைத்துப் பார்ப்போம். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் நாம் அடிக்கடி கேட்ட பகுதிதான். எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுகிறது. திருத்தூதர்கள் எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். திருத்தொண்டரின் தொடக்கம் என்று நாம் இதற்கு விளக்கம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த எழுவரின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அக்காலத்தில் எபிரேயரும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டதுண்டு என்பது உண்மையே. திருத்தூதர்களுள்ளும் ஒரு பிலிப்பு இருந்தார். ஆனால் ஏழுக்கு ஏழும் அப்படி அமைந்தது தற்செயல் என்று கொள்வது கடினம். முறையிட்ட தரப்பிலிருந்தே பந்தி மேற்பார்வையாளர்களை அச்சபை தேர்ந்தெடுத்தது என்றே விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். முறையிட்டவர்களைச் சமாதானப்படுத்த ஒருவரை அனுப்பவில்லை. இரு தரப்பிலும் சரிபாதி எடுக்கவுமில்லை. அகப்பையையே அவர்கள் தரப்பின் கையில் கொடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் திருச்சபையே இந்தத் துணிவை எத்தனை முறை காட்டியது என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று.

போர்த்துக்கீசியர் இக்கரைக்குக் கொண்டுவந்த முறை வேறு. 1498-இல் அரசி லியனோரின் ஆதரவில் லிஸ்பனில் ‘மிசெரிகோர்தியா’ என்னும் இரக்கத்தின் சகோதரத்துவம் தோன்றியது. பசித்தோர்க்கு உணவளித்தல் தொடங்கி இறந்தோரை அடக்குதல் ஈறாகப் பதினான்கு இரக்கச் செயல்களே அதன் பணித்திட்டம். தலைவர் ஒருவரும் மற்றவர் பன்னிருவருமாகப் பதின்மூவர் மேசையில் அமர்வர். இயேசுவையும் திருத்தூதர்களையும் நினைவூட்டும் எண். தேவதாய் எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளாக அக்காலம் கொண்டாடப்பட்ட சூலை 2-ஆம் நாள் ஆண்டுதோறும் தேர்தல். உறுப்பினருள் மேன்மக்களும் கைத்தொழிலாளரும் என இரு வகுப்பாருக்கும் இடம் உண்டு. கோவாவிலும் கொச்சியிலும் பிற போர்த்துக்கீசியக் குடியிருப்புகளிலும் இதே அச்சில் கிளைகள் எழுந்தன. ஓராண்டுக்கு மேல் ஒருவர் அதே இருக்கையில் ஒட்டிக்கொள்ளாதபடி வகுத்த ஞானத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் 1618-ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு, உறுப்பினராகச் சேர்பவருக்கு ‘இரத்தத் தூய்மை’ வேண்டும் என்றது. யூத வழியினரும் மூர் வழியினரும் கலந்த குடும்பத்தார் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. இரக்கத்தின் பெயரைச் சூடிய சபை, இரக்கம் காட்டுவதற்கே குலம் பார்த்தது. நாம் இதைக் கேட்டு நகைக்க இடமில்லை. நமது மாவட்டத்து வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லால் ஆன தடுப்பு போயிற்று. குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது, ‘அந்தத் தெருவுக்கு ஓர் இடம், இந்தத் தெருவுக்கு ஓர் இடம்’ என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் எத்தனை ஊர்களில் போயிற்று? ஏழையர் இல்லத்தின் குழுவிலும் அதே எண்ணிக்கை நடக்குமானால், அங்கே பங்கிடப்படுவது சோறு அன்று, கௌரவம்.

கிறித்தவம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்தப் பள்ளத்தாக்கு குழு ஆட்சியின் நோய்களை அறிந்திருந்தது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர்ச்சபையில் யார் அமரலாம், யார் அமரக்கூடாது என்பதை அது வகுக்கிறது. வருகிற கருத்துக்கெல்லாம் ‘அன்று, அன்று’ என்று மறுத்துச் சபையை நடக்கவிடாமல் செய்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படிப்பட்டவர் இருந்திருக்கிறார் என்பது நமக்கு ஓர் ஆறுதல். இன்றைய அறநிலையக் குழுக்களைப் பார்த்தால், தண்டம் விதிக்க வேண்டியது எதற்கெடுத்தாலும் ‘ஆம்’ என்பவர்க்கே என்று தோன்றுகிறது. தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் மட்டும் பாக்கி. அடுத்த நூற்றாண்டில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் மேலும் ஒரு படி போகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்த வாரியத்துக்கு நிற்கக்கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரும் குடத்தில் போடப்படாது. கணக்கின் மீதும் காலவரையறை மீதும் நம் முன்னோர் வைத்த அழுத்தம் இது. எனினும் சொந்த நிலமும் சொந்த மனையும் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காலவரையறை இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே ஒரு சான்று. கோயில்கள், மசூதிகள் முதலியவற்றின் அறச்சொத்துகளைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்து விலக விரும்பிய ஆங்கில அரசு, 1863-இல் ஒரு சட்டம் இயற்றி அவற்றை உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. உறுப்பினர் பதவி வாழ்நாள் முழுமைக்கும். தவறு செய்தார் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால் ஒழிய அவரை அகற்ற வழியில்லை. சென்னை மாகாணத்தில் அறநிலையச் சீர்திருத்தம் 1920-களில் வந்து சேரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. சாகும்வரை பதவி என்றால், கணக்குக் கேட்பவன் விரோதியாகிவிடுவான். அது மனித இயல்பு.

குழுவே இல்லாமல் தனியொருவர் கையில் அறம் இருந்தால் மேலா என்றால், அதற்கும் விடை உண்டு. இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் புனித சிலுவை இல்லம் என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயர் ஹென்றி, பதின்மூன்று ஏழை முதியவர் தங்கவும் நாள்தோறும் நூறு ஏழைகள் உண்ணவும் அதை ஏற்படுத்தினார். அது ஆங்கிலிக்கன் சபையின் கைக்கு மாறியபின், 1808-இல் அவ்வூர் ஆயர் தம் மகனையே அதன் அதிபராக நியமித்தார். நிலங்களின் வருமானம் பெருகப் பெருக, முதியவர்களுக்கு உரிய படி அப்படியே நிற்க, மீதம் அதிபரின் பைக்குச் சென்றது. வழக்கு நீதிமன்றம் ஏறி 1853-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதன் பின்னரே அறங்காவலர் குழு அமைந்தது. இந்த ஊழலில் ஒரு நுட்பம் உண்டு. அதிபர் தம் செயலைத் திருட்டென்று ஒருபோதும் நினைக்கவில்லை. ‘வழக்கப்படி முதியோருக்கு உரியதைக் கொடுத்துவிட்டேன், மீதம் என்னுடையது’ என்பதே அவர் நிலை. மீதம் யாருடையது என்ற கேள்வியைக் கேட்க அவருக்கு எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

‘மீதம்’ என்ற அந்தச் சொல்லில் சற்றே தங்குவோம். நம் இல்லங்களில் மீதத்தை யாரும் பைக்குள் போட்டுக்கொள்வதில்லை என்று கொள்வோம். அது வங்கியில் வைப்புநிதியாகிறது. வட்டி முதலோடு சேர்கிறது. குழு அதைத் தன் வெற்றியாகக் காண்கிறது. ஆண்டறிக்கையில் அதற்குத் தனிப் பத்தி. அதே ஆண்டில் இல்லத்தின் வாசலுக்கு ஒரு மூதாட்டியைத் தூக்கிவருகிறார்கள். ‘எழுந்து நடமாடுபவரை மட்டுமே சேர்ப்போம், படுத்த படுக்கையானவரைப் பார்க்க ஆள் இல்லை’ என்று விதி சொல்கிறது. அவ்விதியைக் குழுதான் இயற்றியது. காரணமும் பொய் அன்று. பணியாளர் பற்றாக்குறை, அருள்சகோதரியருக்கு வயதாகிவிட்டது, மருத்துவச் செலவு கட்டுப்படியாகாது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நியாயமான காரணங்கள் ஆறேழு சேர்ந்தபின், எந்த மூதாட்டிக்காக அந்த இல்லம் கட்டப்பட்டதோ அவளே அதற்குத் தகுதியற்றவளாகிறாள். திருடப்பட்ட பணத்தை நீதிமன்றம் மீட்டுத் தரும். இப்படித் திரும்பிப்போன மூதாட்டிக்காக வழக்குத் தொடுக்க எவருமில்லை, ஏனெனில் குழு எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

கொடுத்தவரின் விருப்பம் இவ்விடத்தில் துணைக்கு வருமா? தமிழில் இதற்கு நாம் வழங்கும் சொல்லே வியப்பானது. கோயிலுக்கு ஒருவர் ஏற்படுத்தும் நிவந்தத்தைக் ‘கட்டளை’ என்றனர்; இன்று ‘அறக்கட்டளை’ என்கிறோம். கொடை கொடுத்தவர் தம் பொருளைவிட்டு நீங்குகிறார், ஆனால் ஓர் ஆணையை விட்டுச்செல்கிறார். பழைய தானக் கல்வெட்டுகளின் முடிவில் மன்னரும் வணிகரும், இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் எம் தலைமேல் இருப்பதாக என்று பொறித்து வைத்தனர். கொடுத்தவன், தனக்குப்பின் வரப்போகும் முகம் தெரியாத காவலன் முன் தலை தாழ்த்துகிறான். நம் குழு உறுப்பினர் யாராவது அந்தப் பாதத்துக்கு உரியவர் தாமே என்று எண்ணிக் கொஞ்சம் கூசியதுண்டா?

திருச்சபைச் சட்டமும் இதில் கண்டிப்பானது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1300-ஆம் எண், இறைப்பணிக்கெனத் தம் பொருளைக் கொடுத்தவரின் விருப்பம் மிகக் கவனமாக நிறைவேற்றப்பட வேண்டும் என்கிறது. 1267-ஆம் எண், குறிப்பிட்ட நோக்கத்துக்கென மக்கள் தந்ததை அந்நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் இறந்தவரின் ஆணையை எழுத்துக்கு எழுத்து பற்றிக்கொண்டால் போதுமா என்பதும் கேள்விதான். தொழுநோயாளருக்கெனக் கட்டிய இல்லத்தில், அந்நோய் குறைந்து கட்டில்கள் காலியானபின் என்ன செய்வது? அப்போது நோக்கத்தின் உயிரை அறிந்து வடிவத்தை மாற்றத்தான் வேண்டும். ஆபத்து எங்கே என்றால், மாற்றுகிறவரும் மாற்றத்தால் வசதி பெறுகிறவரும் ஒருவராகவே இருக்கும்போது. இல்லத்தின் முன்பக்க நிலத்தில் திருமண மண்டபம் எழுந்து, ‘வருமானம் ஏழைகளுக்கே’ என்ற பலகை ஏறியிருப்பதை எங்கெங்கோ பார்க்கிறோம். பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அதை யார் சரிபார்த்தார் என்பதுதான் தெரிவதில்லை.

செருமனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோபு ஃபுக்கர் என்ற செல்வர் 1521-இல் ஏற்படுத்திய ஏழையர் குடியிருப்பு இன்றும் நடக்கிறது. வறுமையுற்ற கத்தோலிக்கருக்கு வீடு. ஆண்டு வாடகை அன்றைய ஒரு ரைன் கில்டர், இன்றைய கணக்கில் 88 யூரோ சென்ட். நாளும் நிறுவியவருக்காக மூன்று செபங்கள். குடும்பத்தாரின் மன்றம் அதை ஆள்கிறது. 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சில் அது பெரும்பாலும் அழிந்தபோது, சில நாட்களுக்குள்ளேயே மீண்டும் கட்டுவதென்று அம்மன்றம் முடிவெடுத்தது. போர் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. குழு என்றாலே நமக்குச் சலிப்பு வருகிறபோது இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கணக்குக்கு வருவோம். 1311-12 வியன்னா பொதுச்சங்கம் (பிரான்சு நாட்டு வியன்னா) மருத்துவமனைகளின் வருமானத்தைக் குருக்கள் தம் பிழைப்பூதியமாக்கிக் கொள்வதைத் தடுத்து, நடத்துநர்கள் ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றது. திரெந்து பொதுச்சங்கமும் அதை வலியுறுத்தியது. இன்றைய சட்டத்தின் 1287-ஆம் எண் இரண்டு கணக்குகளைக் கேட்கிறது: ஒன்று ஆண்டுதோறும் ஆயருக்கு, மற்றொன்று, மக்கள் கொடுத்த பொருளைக் குறித்து மக்களுக்கே. முதலாவது நம்மிடையே ஒழுங்காக நடக்கிறது. இரண்டாவதைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதே பொதுநிலையினரில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவரும், ‘சாமியாரிடம் கணக்குக் கேட்பதா?’ என்று தயங்குகிறார்கள். புனித பவுல் தயங்கவில்லை. எருசலேம் ஏழைகளுக்கெனக் கொரிந்தில் திரட்டிய பணத்தைக் கொண்டுசெல்ல, சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் கண்ணுக்கும் நேர்மையாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். திருத்தூதருக்கே சாட்சி தேவைப்பட்டது. இயேசுவின் சிறு குழுவில் பணப்பை யாரிடம் இருந்தது என்பதும், முந்நூறு தெனாரியத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பேசியவர் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆயினும் சட்டம் சொல்லும் அந்த இரு கணக்குகளிலும் ஒருவர் விடுபட்டிருக்கிறார். ஆயருக்குக் கணக்கு உண்டு, கொடுத்த மக்களுக்கு உண்டு, உண்பவர்க்கு? இல்லத்தில் வாழும் ஒருவரை ஆட்சிக்குழுவில் அமர்த்துவது பற்றி நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன். மறுப்புகள் உடனே வந்தன. அவர்களுக்குச் சட்டம் தெரியாது. உள்ளே கட்சி உண்டாகும். சமையற்காரரோடு பகை வரும். பிறர் தயவில் வாழ்பவர் தயவு காட்டுபவரை எப்படி மதிப்பிடுவார்? கடைசி மறுப்புத்தான் மெய்யான மறுப்பு. மற்றவை அதற்குப் போர்த்திய துணி. அது பழைய கிறித்தவப் போதனையோடு ஒத்துப்போகவில்லை. புனித பசிலியாரும் புனித அம்புரோசியாரும் மீண்டும் மீண்டும் சொன்னது என்ன? உன் களஞ்சியத்தில் மிகுந்திருப்பது பசித்தவனுடையது. கொடுக்கும்போது நீ உன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறாய். இதை நாம் நம்பினால் முதியோர் இல்லத்தின் மூதாட்டி நம் தயவில் வாழவில்லை. தனக்கு உரியதில் வாழ்கிறாள். தனக்கு உரியதைப் பற்றிப் பேச அவளுக்கு இடம் வேண்டாமா? நம்பவில்லை என்றால், ஞாயிறு மறையுரையில் அதைக் கேட்டுத் தலையாட்டுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.

மறுப்புகளில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நினைவு தவறியவரும் பேச்சு இழந்தவரும் நிறைந்த இல்லத்தில் தேர்தல் நடத்த முடியாது. ஒருவரை அமர்த்தினால் அவர் குழுவின் செல்லப்பிள்ளையாகிவிடும் ஆபத்தும் உண்டு. இடம் கொடுக்க இயலாதென்றால் குறைந்தது கூட்டத்தை உணவுக்கூடத்தில் நடத்தலாம். அன்று அங்கே சமைத்ததையே உண்டுவிட்டுத் தொடங்கலாம். ஆண்டுக் கணக்கை அவர்கள் நடுவே தமிழில் வாய்விட்டுப் படிக்கலாம். யாரைச் சேர்த்தோம் என்பதோடு யாரைத் திருப்பி அனுப்பினோம், எதற்காக என்பதையும் குறிப்பேட்டில் பதியலாம். இவற்றுக்குச் செலவில்லை.

சென்னையில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது எளியோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் அருகே வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. கும்பினியும் அரசும் குழுக்களும் மாறி மாறி அதற்குப் பெயர் வைத்தார்கள். வடசென்னைப் பெரியவர்கள் வாயில் அது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே நின்றுவிட்டது. உண்டவர்கள் வைத்த பெயர் அது.

உணவுக்கூடத்தில் கூட்டம் நடத்தினால் என்ன நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு பெரியவர் எழுந்து, வைப்புநிதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மோரில் தண்ணீர் அதிகம் என்பார். குழுவினர் சிலர் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போக விரும்புவார்கள். செயலர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எருசலேமில் அந்தக் கைம்பெண்களுக்காக எழுந்த முறையீடும் சாப்பாட்டைப் பற்றியதுதான்.